அஞ்சு கல்லுக்குக் கீழே

எலும்பு டாக்டர் சார்ட்டை உயர்த்திப் பிடித்தார். எதிரில் நிற்பவர்களுக்கும் தெரியட்டும் என்று நினைத்தால் அப்படிப் பிடிப்பது அவர் வழக்கம்.

"ஆறாவது வாரத்துல நூத்திப்பத்து டிகிரி மடங்கியிருக்கு. இது யார் முட்டிம்மா?"

"என்துதான் சார்" என்றார் அஞ்சலை அக்கா.

"இப்ப தொண்ணூறு. நாலு மாசம் ஆச்சு, ஏற வேண்டியது எறங்கியிருக்கு. வீட்டுக்குப் போய் காலை நீட்டிப் படுத்துட்ட. சொல்லிக் குடுத்த பயிற்சி எதையும் செய்யல. வேற என்ன காரணம் இருக்க முடியும், நீயே சொல்லு."

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் அவர் கணவர் ஏழுமலை எக்ஸ்ரே கவரை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரிக்கென்று துவைத்த சட்டை போட்டு வந்திருந்தாலும் நகக்கண்ணில் களிமண் போகவில்லை.

"நான்தான் சார் கெடுத்துக்கினேன்" என்றார் அக்கா. "பாப்பா அளந்தப்ப நல்லாதான் இருந்துச்சி."

பாப்பா என்றது என்னை. டாக்டரின் மேசைக்கு இடது பக்கம் ஃபைல்களை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தேன். பயிற்சியின் கடைசி மாதம். தேர்வு எழுதி முடித்து, சான்றிதழ் மட்டும் கைக்கு வர வேண்டியிருந்தது.

அந்த நூற்றுப்பத்தை எழுதியது நான். அன்றைக்கு அந்த முட்டி மடங்கியது தொண்ணூற்றைந்து.

இந்தத் தொடரில் இந்த வாரம் எழுதப் போவது இதைத்தான். இதுவரை வந்த அத்தியாயங்களில் நான் என்னை நல்லவளாகவே காட்டிக்கொண்டு வருவதாக, என்னோடு படித்த பர்வீன் போனில் சொன்னாள். கோபமாக வந்தது. யோசித்தால் அவள் சொன்னது சரி.

கால் புடிச்சி வுடற படிப்பு

எனக்கு ஊர் கிருமாம்பாக்கம் பக்கம். பிளஸ் டூ முடித்து, நர்சிங்குக்கு இடம் கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். வில்லியனூரில் பிசியோதெரபி உதவியாளர் படிப்பு இருக்கிறது, ஒரே வருடம், உடனே வேலை என்று அம்மாவுக்கு அவர் வேலை செய்யும் கம்பெனியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அம்மா அன்று மாலையே முடிவெடுத்துவிட்டார். என்னிடம் மறுநாள் சொன்னார்.

இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். பெயிண்ட், பைப் விற்கிற கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது அந்த இடம். லிஃப்ட் கிடையாது. நடக்க முடியாதவர்களை நடக்கவைக்கச் சொல்லித்தரும் இடத்துக்கு இத்தனை படி ஏற வேண்டியிருக்கிறதே என்று நாங்கள் பன்னிரண்டு பேரும் முதல் நாள் சிரித்தோம். இரண்டாவது வாரத்தில் அது பழகிவிட்டது.

உள்ளே இரண்டு கட்டில், ஒரு வாக்கர், இடது கை இல்லாத ஓர் எலும்புக்கூடு. இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டை படத்தில்தான் இருந்தது. அதற்குப் பதிலாகச் சைக்கிள் கடையிலிருந்து பழைய ட்யூபை வாங்கி நீளமாக வெட்டி வைத்திருந்தார்கள். காலில் கட்டும் எடையை நாங்களே செய்தோம். பழைய ஜீன்ஸ் பேண்ட்டின் காலை வெட்டி, மணலை அடைத்து, வாயைத் தைத்தோம். தையல் விட்டுப்போன நாளில் கட்டில் முழுக்க மணல் கிடக்கும், அதைப் பெருக்குவதும் பயிற்சியில் சேர்த்தி.

ஊரில் எல்லோருக்கும் ஒரே சந்தேகம்தான். எதிர்வீட்டு சரோஜா அத்தை என்னை பஸ் ஸ்டாப்பிலேயே மடக்கினார்.

"இன்னாடி படிக்கிற?"

"பிசியோ அசிஸ்டென்ட் அத்தை."

"அப்பிடின்னா?"

"கை கால் வராதவங்களுக்குப் பயிற்சி குடுக்கறது."

"கால் புடிச்சி வுடறதா? அத்த எதுக்குடி ரெண்டு பஸ் ஏறிப் போய்ப் படிக்கிற? எம்மருமவ படிக்காமயே புடிச்சி வுடறா."

அன்று சாயங்காலமே அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து, பாயை விரித்துக் குப்புறப் படுத்து, இடுப்பைக் காட்டினார். அதற்குப் பிறகு வாரம் ஒரு முறை வந்துவிடுவார். மருமகள் என்ன ஆனாள் என்று நான் கேட்கவில்லை.

இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. முதல் மாதம் ஒருவர் முட்டியை ஒருவர் பிடித்துப் பார்த்துத்தான் கற்றோம். என் முட்டியைவிடப் பர்வீனின் முட்டி எனக்கு நன்றாகத் தெரியும். மெழுகை உருக்கி அதில் கையை முக்கி எடுக்கிற வைத்தியம் ஒன்று உண்டு. அந்த மெழுகின் வாசனை பஸ்ஸில் வரும்போதும் விரலில் இருக்கும். அதை மோந்துகொண்டே வருவேன். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

ஒரு பெரியவருக்குப் பக்கவாதம் வந்து வலது கால் துணி போலக் கிடந்தது. தொடையில் கையை வைத்துக்கொண்டு, இறுக்குங்க ஐயா, இறுக்குங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒன்பதாவது நாள் என் உள்ளங்கைக்குக் கீழே சதை ஒரு தடவை துடித்தது. அவருக்கே தெரியவில்லை. எனக்குத்தான் முதலில் தெரிந்தது. கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அப்படிப்பட்டவள்தான் இதையும் செய்தேன்.

குதிகால் கேஸ்

காலையில் மாடியில் வகுப்பு. மதியத்துக்கு மேல் ஓர் ஆஸ்பத்திரியில் நேரடிப் பயிற்சி. அதன் பெயர் இங்கே தேவையில்லை. கையில் காசில்லாதவர்களுக்கும் அங்கே அறுவை சிகிச்சை நடந்தது, அந்த நன்றி எங்கள் பக்கத்துச் சனங்களுக்கு இன்றும் உண்டு.

எங்களுக்கு ஆளுக்கொரு பயிற்சி நோட்டு கொடுத்திருந்தார்கள். பத்து நோயாளிகளை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பார்த்து, பத்துப் பேருக்கும் 'இலக்கு எட்டியது' என்று எழுதி, பயிற்றுநரிடம் கையெழுத்து வாங்கினால்தான் தேர்வு எழுத முடியும். நோயாளி பாதியில் நின்றுவிட்டால் அந்தக் கேஸ் செல்லாது. முழுக்க வந்தும் தேறாவிட்டாலும் செல்லாது. இந்த விதியைப் போட்டவர் நல்ல எண்ணத்தில்தான் போட்டிருப்பார்.

முட்டி எவ்வளவு மடங்குகிறது என்று அளக்க ஒரு கருவி இருக்கிறது. கோனியோமீட்டர் என்று பெயர். பள்ளிக்கூடத்து ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் பாகைமானிக்கு இரண்டு நீளக் கைகளை ஒட்டினால் அதுதான். மேல்கை தொடையோடு படிந்திருக்க வேண்டும். கீழ்கை கணுக்காலின் வெளிப்பக்கத்து எலும்பைப் பார்த்து இருக்க வேண்டும். நடுவில் எத்தனை டிகிரி என்று தெரியும்.

கீழ்கையைக் கணுக்கால் எலும்புக்குப் பதில் குதிகாலைப் பார்த்துத் திருப்பினால் ஏறக்குறைய பத்து டிகிரி கூடும். முட்டி அசைய வேண்டாம். நோயாளிக்கு வலியும் இல்லை.

இதை எங்கள் பயிற்றுநர் தயாளன் சார் பாடமாக நடத்தவில்லை. யாருடைய கேஸாவது எட்டாமல் நின்றால் பின்னால் வந்து நின்று, "குதிகாலப் பாரு" என்பார். அவ்வளவுதான். அவர் மேலிடத்துக்கு மாதா மாதம் காட்ட வேண்டிய கணக்கு ஒன்று இருந்தது, அது எங்களுக்கும் தெரியும். இன்னொன்றும் சொல்வார். "தொண்ணூத்தேழு, நூத்திமூணுன்னு எழுதாதீங்கம்மா, பார்க்க நல்லா இல்ல. பத்து பத்தா எழுதுங்க." பத்து பத்தாக எழுதும்போது யாரும் கீழே இறக்கி எழுதுவதில்லை.

எங்களுக்குள் அதற்குக் 'குதிகால் கேஸ்' என்று பெயரே வந்துவிட்டது. உன்னோடது நிஜ கேஸா, குதிகால் கேஸா என்று டீ குடிக்கும்போது கேட்டுக்கொள்வோம். கேட்டுவிட்டுச் சிரிப்போம்.

பர்வீன் மட்டும் செய்யவில்லை. வில்லியனூரில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருக்கும் பாயின் மகள். பக்தி, கொள்கை என்றெல்லாம் பேசுகிறவள் கிடையாது.

"எனக்குப் பொய் எழுதினா மறந்துடும்டி சுகந்தி. அடுத்த வாரம் போன வாரம் இன்னா எழுதினேன்னு தேடிக்கினு நிக்கணும். உள்ளத எழுதிட்டா தேட வேணாம்."

உள்ளதை எழுதி அவளுக்கு ஆறு கேஸ்தான் தேறியது. அந்த வருடம் அவளைத் தேர்வு எழுத விடவில்லை. மறுவருடம் அவள் திரும்பி வரவில்லை. எங்கள் பன்னிரண்டு பேரில் ஒழுங்காக அளக்கத் தெரிந்த ஒருத்தி இன்று அப்பாவின் கடையில் பேனாவும் ஃபைலும் விற்றுக்கொண்டிருக்கிறாள். நான் வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறேன், என்னை மேடம் என்று கூப்பிடுகிறார்கள்.

கல் அறுக்கிறவர்

அஞ்சலை அக்கா என் பத்தாவது கேஸ்.

மண்ணாடிப்பட்டுப் பக்கத்தில் ஒரு செங்கல் சூளையில் அவருக்கும் கணவருக்கும் வேலை. இரண்டு பேரும் பைக்கில் வரும்போது மணலில் சறுக்கி விழுந்து, பின்னால் இருந்த அக்காவுக்கு முட்டிச் சில்லு உடைந்தது. கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். கட்டுப் பிரித்தபோது கால் குச்சி மாதிரி நீட்டியபடி நின்றது.

கல் அறுப்பது என்றால் குந்திச் செய்யும் வேலை. அச்சில் மண்ணை அடித்து, மேலே வழித்து, தரையில் கவிழ்த்து, எழுந்திருக்காமல் குந்தினபடியே பின்னால் நகர்ந்து அடுத்ததை அறுக்க வேண்டும். சூளையில் ஜோடியாகத்தான் ஆள் வைப்பார்கள். ஒருவர் மண் குழைத்துக் கொண்டுவர, ஒருவர் அறுக்க. இந்த ஜோடியில் அறுப்பது அக்கா.

முதல் நாளே சொல்லிவிட்டார்.

"நடந்தா போதாது பாப்பா. குந்தணும். நான் குந்தலன்னா எங்க ரெண்டு பேருக்கும் வேல இல்ல."

எங்கள் புத்தகத்தில் ஒரு பட்டியல் இருந்தது. நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முட்டி இவ்வளவு மடங்க வேண்டும், படி ஏற இவ்வளவு, காரில் ஏறி உட்கார இவ்வளவு. கல் அறுக்க எவ்வளவு என்று அதில் இல்லை. காலைக்கடனுக்குக் குந்துவதுகூட இல்லை.

டாக்டர் ஆரம்பத்திலேயே ஒரு விஷயத்தைச் சொல்லியிருந்தார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

"ஆறு வாரத்துல நூறு தாண்டிட்டா மீதி தானா வந்துடும். தாண்டலன்னா பயப்படாத, மயக்கம் குடுத்து நான் மடக்கி விட்டுடறேன். அதையும் விட்டுட்டா உள்ள ஒட்டி இறுகிடும். அப்புறம் என்னாலயும் ஆகாது."

அக்காவைப் போல ஒரு நோயாளி எனக்கு அதற்கு முன்னும் கிடைக்கவில்லை, பின்னும் கிடைக்கவில்லை. பத்துத் தடவை மடக்கச் சொன்னால் இருபது தடவை மடக்குவார். வலிக்கும்போது கத்த மாட்டார், கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "அமுக்கு பாப்பா, நான் பாத்துக்கறேன்" என்பார். அந்த முட்டியில் என் இரண்டு கையையும் வைத்து முழு எடையையும் போட்டு அமுக்கியிருக்கிறேன். அவர் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொள்வார்.

வீட்டில் தன் பாட்டுக்கு ஓர் அளவு வைத்திருந்தார். சுவரோரம் எட்டுச் செங்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அதன்மேல் உட்கார்ந்து பார்ப்பார். கொஞ்சம் மடங்க ஆரம்பித்ததும் ஒரு கல்லை எடுத்துவிடுவார். கல்லே இல்லாமல் தரைக்கு வந்துவிட்டால் குந்த முடிகிறது என்று அர்த்தம்.

"ஏழுக்கு வந்துட்டேன் பாப்பா."

"ஆறு, பாப்பா. நேத்து அவரு வந்து புடிச்சிக்கினாரு, ஆறுல குந்திட்டேன்."

நான்காவது வாரம் ஐந்து கல். அவர் வாசலில் நுழையும்போதே ஐந்து விரலைக் காட்டிக்கொண்டு வந்தார். நானும் கையைத் தூக்கிக் காட்டினேன்.

அதோடு நின்றுவிட்டது.

ஆறாவது வாரம்

அன்று தயாளன் சார் ஆஸ்பத்திரியில் இல்லை. ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். அதனால் இந்தப் பழியில் அவருக்கு ஒரு பங்கு வைக்க எனக்கு வழியில்லை.

வெயில் நேரம். மின்விசிறி சுற்றினாலும் கட்டிலின் ரெக்சின் உறை அக்காவின் முதுகில் ஒட்டிக்கொண்டது. கணுக்கால் எலும்பைப் பார்த்துக் கருவியை வைத்தேன். தொண்ணூற்றைந்து. ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடியும் வைத்தேன். தொண்ணூற்றைந்துதான்.

ஒன்பது கேஸில் கையெழுத்து வாங்கியாயிற்று. நோட்டை ஒப்படைக்க நான்கு நாள் இருந்தது. இதை விட்டுவிட்டு இன்னொரு நோயாளியைப் புதிதாக ஆரம்பித்தால் ஆறு வாரம் ஆகும். ஆறு கேஸோடு நின்ற பர்வீனைத் தேர்வு எழுத விடப்போவதில்லை என்று அப்போதே எங்களுக்குத் தெரியும்.

இன்னும் இரண்டு வாரத்தில் எப்படியும் ஏறிவிடும் என்று நினைத்தேன். பாவம், மறுபடியும் எதற்கு அவரை ஆபரேஷன் தியேட்டருக்குள் அனுப்ப வேண்டும் என்று நினைத்தேன். இப்படியெல்லாம் நினைத்ததாக எழுதுகிறேன். பிறகு உட்கார்ந்து சேர்த்துக்கொண்ட சமாதானமாகவும் இருக்கலாம். அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது நோட்டு மட்டும்தான் என்று இன்றைக்குத் தோன்றுகிறது.

கீழ்கையைக் குதிகால் பக்கம் திருப்பினேன். நூற்றைந்து. நூற்றைந்து பார்க்க நன்றாக இருக்காது. நூற்றுப்பத்து என்று எழுதினேன்.

"எத்தினி பாப்பா?"

"நூத்திப்பத்து அக்கா. தாண்டியாச்சு."

அவர் எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் சந்தோஷம் வரவில்லை, குழப்பம்தான் வந்தது.

"இன்னா பாப்பா சொல்ற? அஞ்சு கல்லுக்குக் கீழ எறங்கவே இல்லியே. ரெண்டு வாரமா அங்கியேதான் கீது."

அதற்கு நான் சொன்ன பதிலை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

"கல்லெல்லாம் ஒரே உயரமா இருக்காதுக்கா. இது மிஷின்."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரே அச்சில் கல் அறுத்தவரிடம் இதைச் சொன்னேன். அவர் அறுத்த கல் ஒன்று நூல் அளவு கூடினாலும் மேஸ்திரி ஒதுக்கித் தள்ளிவிடுவார் என்று அவரே ஒருநாள் என்னிடம் சொல்லியிருந்தார்.

அவர் கொஞ்ச நேரம் கருவியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப கல்லுதான் முன்ன பின்ன கீது போல" என்றார்.

டாக்டர் சார்ட்டைப் பார்த்து வெரி குட் என்றார். மயக்கம் கொடுத்து மடக்க வேண்டியவர்களின் பட்டியலிலிருந்து அக்காவின் பெயரை எடுத்துவிட்டு, வீட்டிலேயே பயிற்சி செய்தால் போதும் என்று அனுப்பினார். போகும்போது அக்கா எனக்கு ஒரு பை நிறைய வேகவைத்த மல்லாட்டை கொடுத்தார். வேர்க்கடலையை எனக்கென்று வேகவைத்தாராம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, உரித்து உரித்து ஊர் வருவதற்குள் முழுவதையும் தின்று தீர்த்தேன். நன்றாக இருந்தது.

நான் மன்னித்தது

இப்போது டாக்டரின் அறைக்கு வருகிறேன்.

"பயிற்சி செய்யல" என்று அவர் சொன்னபோது நான் வாயைத் திறந்திருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம் போதும். டாக்டர் கெட்டவர் இல்லை. என்னைத் திட்டியிருப்பார், தயாளன் சாரைக் கூப்பிட்டு விசாரித்திருப்பார், என் சான்றிதழ் நின்றிருக்கும். அக்காவின் முட்டி அதனால் மடங்கியிருக்காது. ஆனால் அதற்கு யார் காரணம் என்று அந்த அறையில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

"இனிமே மயக்கம் குடுத்து மடக்கினா எலும்பு உடையும். நாற்காலியில உக்காரு, நட. அவ்வளவுதான்மா" என்று சொல்லி ஃபைலை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

வெளியே வராந்தாவில் ஏழுமலை பேசியது கதவைத் தாண்டிக் கேட்டது.

"அந்தப் பொண்ணு எவ்ளோ பாடுபட்டு மடக்கி வுட்டுச்சி. வூட்டாண்ட வந்து சோம்பேறித்தனமா கெடுத்துட்டியே. அப்பவே சொன்னேன், செய்யி செய்யின்னு."

அக்கா, தினமும் செய்ததாகச் சொல்லவில்லை. காலை வெளிப்பக்கமாக வீசி வீசி நடந்து, திரும்பி என்னிடம் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன் ஒழப்ப வீணாக்கிட்டேன் பாப்பா. மன்னிச்சிடு."

"பரவால்லக்கா" என்றேன்.

அப்படித்தான் சொன்னேன். என்னிடம் மன்னிப்புக் கேட்டார், நான் மன்னித்தேன்.

சூளை

சான்றிதழ் வந்தது. வேலையும் கிடைத்தது. அதற்கும் சில மாதம் கழித்து, ஃபைல் வாங்கப் போன சாக்கில் பர்வீனின் கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பென்சில் டப்பாக்களை அடுக்கிக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "இத்த ஏன்டி என்கிட்ட சொல்ற? நானா குந்த முடியாம கீறேன்? அங்க போ" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். டவுன் பஸ் அந்தப் பக்கம் எப்போதாவதுதான். கரும்புக் கொல்லையைத் தாண்டியதும் சூளை. புகை இல்லை, கல் அறுக்கிற நேரம். காய வைத்திருந்த பச்சைக்கல் களம் முழுக்க வரிசையாக இருந்தது. ஈர மண்ணும் எரித்த உமியும் கலந்த ஒரு வாடை.

அக்கா தலையில் கல் சுமந்துகொண்டிருந்தார். இரண்டு வரிசையாக அடுக்கிய காய்ந்த கல். ஒரு கால் மடங்க, ஒரு கால் அப்படியே நீட்டி வீசி நடந்துவந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"பாப்பா! இன்னா இவ்ளோ தூரம்? யார வுட்டு விசாரிச்ச?"

தள்ளி, களத்தின் அந்தப் பக்கத்தில், ஏழுமலை முதுகைக் காட்டிக் குந்தியிருந்தார். அவரே எழுந்து போய் மண் எடுத்து வந்து, அவரே குந்தி அறுத்துக்கொண்டிருந்தார். தனி ஆளாக இருப்பதால் மேஸ்திரி எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடலாம் என்று அக்கா சொன்னார். அடுத்த வருடம் எடுப்பார்களா என்று தெரியவில்லையாம்.

உட்காராமலே சொன்னேன். அங்கே உட்கார நாற்காலியும் இல்லை.

"அக்கா, அன்னிக்கு நான் தப்பா எழுதினேன். உங்க முட்டி நூத்திப்பத்து இல்ல. தொண்ணூத்தஞ்சுதான்."

அவருக்குப் புரியவில்லை. எண்ணை விட்டுவிட்டுச் சொன்னேன்.

"உங்க கல்லுதான்கா சரி. நான் பொய் சொன்னேன். எனக்குப் பரிட்சை எழுதணும்னு பொய்யா எழுதினேன்."

தலையிலிருந்த கல்லை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தார். குனிந்துதான் வைக்க முடிந்தது. எல்லாவற்றையும் வைத்து முடித்த பிறகுதான் பேசினார்.

"அப்ப நான் செய்யாததால இல்லியா?"

"இல்லக்கா. நீங்க செஞ்சீங்க."

"டாக்டரு மயக்கம் குடுத்து மடக்கறேன்னாரே?"

"நான் சரியா எழுதியிருந்தா மடக்கியிருப்பாரு."

"இப்ப?"

"முடியாதுக்கா."

அவர் அழவில்லை. தலைச் சும்மாட்டுத் துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கழுத்தெல்லாம் செங்கல் தூள்.

"அன்னிக்கு அந்த ரூம்புல டாக்டரு என்னெக் கேக்கசொல்ல, நீ அங்கதான நின்னுக்கினு இருந்த."

"ஆமாக்கா."

"தெனம் சோறு திங்கசொல்ல இந்த மனுசன் சொல்லிக் காட்றாரு. நீ ஒழுங்கா செஞ்சிருந்தா நமக்கு இந்தக் கதி வருமாங்கறாரு. நானும் ஆமான்னுதான் கேட்டுக்கினு கீறேன். எனக்கே தோணிப் போச்சி, ஒருவேள சரியா செய்யலியோன்னு."

நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். குரலை உயர்த்தவே இல்லை.

"என்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? தோ கீறாரு பாரு. அவருகிட்டப் போயி சொல்லு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

முப்பது அடி தூரம் இருக்கும். மண்ணை அச்சில் அடிக்கிற சத்தம் அங்கிருந்தே கேட்டது. ஏழுமலை எழுந்து நின்று என்னைப் பார்த்து என்ன கேட்பார் என்று யோசித்தேன். பைக் ஓட்டியது அவர். இத்தனை நாள் பெண்டாட்டியைத் திட்டியது அவர். நான் சொல்வதைக் கேட்ட பிறகு அந்த முகம் எப்படி மாறும் என்று நினைத்ததும் ரோட்டுப் பக்கம் திரும்பினேன்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சிக்கா" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்து, குனிந்து, கல்லை ஒவ்வொன்றாக எடுத்து மேலே அடுக்கத் தொடங்கினார்.

ரோட்டோரம் வந்து நின்றேன். அங்கிருந்து பார்த்தால் சூளை முழுக்கத் தெரியும். பஸ் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரமும் ஏழுமலை அங்கேதான் இருந்தார். இரண்டு தடவை மண் எடுக்க எழுந்தார். ஒரு தடவை தண்ணீர் குடிக்க நிமிர்ந்தவர் ரோட்டுப் பக்கம் பார்த்தார். யார் என்று அடையாளம் தெரிந்ததும், சேறு படிந்த இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே சேர்த்து என்னைக் கும்பிட்டார்.

நானும் கும்பிட்டேன்.